செந்திலுக்கு அம்மா எழுதுவது

போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஜூன் 12-இல் மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் நம் கடைமடைக்கு வந்து சேரவில்லை. அப்பா தினமும் மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

உடம்பு குறைய நீ செய்துகொண்ட ஆபரேஷன் ஃபைல் பீரோவில்தான் இருந்தது. கூரியரில் போட்டிருக்கிறேன். உனக்கு ஈரல் மாற்றப்போகிற கல்லீரல் டாக்டரிடம் அதைக் கையோடு கொடு. ஸ்கேனில் தெரியும் என்று விட்டுவிடாதே. திருவாரூரில் நான் காட்டுகிற டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படமே போட்டுக் காட்டினார். இரைப்பையை மட்டும் சுருக்கியிருந்தால் பாதை மாறாதாம். உனக்கு பைபாஸ், குடலையும் வெட்டி மேலே இணைத்திருக்கிறது. ஈரல் மாற்றிய பிறகு பித்தக்குழாய் சுருங்கினால் வழக்கமாக வாய்வழியே குழாய் விட்டுச் சரிசெய்வார்கள், உனக்கு அது சுற்றுவழி. புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் உனக்கு வேறு மாதிரி ஏறலாம், ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கும் மாற்றுகிறார்கள், தேறியும் வருகிறார்கள் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஃபைலை மறக்காதே.

பொங்கலுக்கு வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தாய். கெண்டைக்கால் சூம்பிப்போயிருந்தது. வயிற்றில் நீர் கோத்திருப்பதால் எடை மிஷினில் அது தெரியாதாம். முட்டை, பருப்பு, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடு. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. சதை இல்லாத உடம்பு ஆபரேஷனைத் தாங்காது.

திருவாரூர் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பைபாஸ் ஆனவர்களுக்கு அது சீக்கிரம் தலைக்கேறிவிடுமாம், கொஞ்சமே போதுமாம். எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. பெரியப்பா கதையை நீ கண்ணால் பார்த்தவன். அங்கே டாக்டர் கேட்டால் மட்டும் மறைக்காதே. சில வாரம் முன்னால் தொட்டிருந்தால்கூட ரத்தத்தில் காட்டிவிடுமாம்.

சின்னவன் பரோட்டாவை விட்டுவிட்டான். விடியும் முன்னே முள்ளியாற்றுக் கரையில் நடக்கிறான். எதற்கென்று எங்களிடம் சொல்லவில்லை. ஈரலில் கொழுப்பு இருந்தால் எடுக்கமாட்டார்களே, அதற்குத்தான். கூடப்பிறந்தவன் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை. வெட்டிக் கொடுத்த ஈரல் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்கிறார்கள். என்னதான் சொன்னாலும் அவனும் நான் பெற்றவன்தான், அவனை மேஜையில் படுக்க அனுப்புவது எனக்கு லேசா? "அவன்கிட்ட வாங்கமாட்டேன்" என்றாயாம், கவிதா சொன்னாள். அவன் படிப்புக்கு நீ பணம் கட்டியபோது அவன் அப்படிச் சொன்னானா? இந்தத் தெருவில் உன்னைப் போல் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளை யார் இருக்கிறார்கள்? வாங்கிக்கொள்ள மட்டும் உனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டை விடாதே. ஃபைல் வந்து சேர்ந்ததும் கவிதாவைச் சொல்லச் சொல்லாமல், நீயே சின்னவனுக்குப் போன் போட்டுச் சொல்.

அம்மா