இடம் மாற்ற முடியாதவற்றுக்கே முதலிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற நிலத்தின் மீது பெருகிவரும் போட்டியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உணவு, காடு, வீடு, சாலை, காற்றாலை, சூரிய மின்பூங்கா, வெள்ளம் பரவ இடம் என எல்லாரும் ஒரே நிலத்தைத்தான் கேட்கிறார்கள் என்று கட்டுரையாளர் காட்டியது சரியே. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் இத்தனை சதவீதம் என்று நிலத்தைப் பங்கிட்டு ஒதுக்கிவிட்டால் சச்சரவு தீரும் என்று அவர் முடித்திருப்பதுதான் எனக்கு உடன்பாடாக இல்லை. பல ஆண்டுகள் மண் ஆய்வுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மண் ஆய்வுக்குப் போகிறவர் கையில் உள்ள துளைப்பான் ஏறத்தாழ நான்கடி ஆழம் இறங்கும். மேலே பார்க்க ஒரே சீராகத் தெரியும் வயலில், கீழே போகப் போகச் சங்கதி மாறும். மேட்டுப் பக்கத்தில் இரண்டடியிலேயே சரளை தட்டி, துளைப்பான் நின்றுவிடும். பள்ளத்துப் பக்கத்தில் எடுத்த மண்ணைச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தள்ளினால் நாடா போல நீளும், அது களிமண். அதில் சாம்பல் நிறத்தோடு துருப் புள்ளிகளும் கலந்திருந்தால், நாம் போன நாளில் நிலம் காய்ந்து கிடந்தாலும், ஆண்டில் பல வாரங்கள் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள். உரிமையாளர் ஒருவர், பத்திரம் ஒன்று, வேலி ஒன்று. நிலம் மட்டும் இரண்டு. இந்த வயலில் பயிருக்கு அறுபது, மின்சாரத்துக்கு நாற்பது என்று கோடு போட்டால், அந்தக் கோடு சரளை மேட்டைச் சுற்றி விழுமா, நல்ல மண்ணின் குறுக்கே விழுமா என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது. ஒரு வயலுக்கே இந்தக் கதி என்றால், ஒரு மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே யாருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எதை வேறு இடத்துக்கு மாற்றவே முடியாது என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அதை லாரியில் ஏற்றி இன்னோர் இடத்தில் கொட்டினால் மண் போய்ச் சேரும், நிலம் போய்ச் சேராது. ஆற்றின் வெள்ளம் பரவும் தாழ்நிலத்தையும், மழைநீர் நிலத்தடிக்கு இறங்கும் மணற்பாங்கான பகுதியையும் அப்படித்தான் இருந்த இடத்திலேயே காத்தாக வேண்டும். குடியிருப்போ கிடங்கோ சோலார் பேனலோ சில கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். காற்றாலைக்கு அந்த வசதி குறைவு. காற்று வீசும் இடத்தில்தான் அதை நிறுத்த முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வரிசையில் யோசித்த நாடு ஸ்விட்சர்லாந்து. பயிர்ச் சுழற்சிக்கு ஏற்ற மிக நல்ல நிலத்தில் 4,38,460 ஹெக்டேரைக் காத்தே ஆக வேண்டும் என்று 1992இல் அந்நாட்டுக் கூட்டாட்சி அரசு வரையறுத்து, அதில் தம் பங்குக்குரிய பரப்பை ஒவ்வொரு மாநிலமும் பாதுகாக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்திலும் வேளாண் நிலத்தை ஐந்து தரமாகப் பிரித்து, மூன்றாம் தரத்தை மட்டும் மேலும் இரண்டாகப் பகுத்து, அதன் மேல் பாதி வரைதான் நல்ல நிலம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு நிலத்தைக் கட்டடத்துக்கு விடலாமா என்ற வழக்கு பெரும்பாலும் அந்த மூன்றாம் தரத்தின் நடுக்கோட்டில்தான் நடக்கும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தரப் பட்டியலுக்கும் ஒரு குறை உண்டு. பயிருக்கு எவ்வளவு ஏற்றது என்பதை மட்டுமே அது அளக்கிறது; கடைசித் தரத்து நிலம் எதற்கும் ஆகாதது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்தத் தவறான அர்த்தம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஃப்ளோ கன்ட்ரி சாட்சி. சுமார் 9,000 ஆண்டுகளாக மட்காத பாசி அடுக்கடுக்காகப் படிந்து உருவான கரிச்சதுப்பு நிலம் அது. உழவுக்கு உதவாது, வீடு கட்ட உதவாது, ஆகவே வெறும் நிலம் என்று கருதப்பட்டது. மரம் வளர்ப்பில் போடும் பணத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பிரிட்டனில் அப்போது விதி இருந்ததால், 1980களில் அந்த ஊரையே பார்த்திராத பணக்காரர்களின் முதலீடு அங்கே பாய்ந்தது. இயந்திரங்கள் சதுப்பை ஆழமாக உழுதன. நீரை வடிக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. நீர் வடிந்த சதுப்பு காற்றோடு வினைபுரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்து வைத்திருந்த கரியை, அதாவது கார்பனை, வெளிவிடத் தொடங்கியது. தரையில் கூடு கட்டும் பறவைகள் இடம் இழந்தன. மரங்களும் பல இடங்களில் சரியாக வளரவில்லை. 1988ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரிச் சலுகை நிறுத்தப்பட்டதும் நடுவது நின்றது. அதன் பிறகு அதே மரங்களை வெட்டி, அதே கால்வாய்களுக்கு அணை போட்டு, சதுப்பில் மீண்டும் நீரை நிறுத்தும் வேலை நடந்துவருகிறது. 2024இல் அந்த நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மரம் நடுவது நல்ல காரியம்தானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஊர்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அங்கே மரம் நடுங்கள் என்று நிலவரைபடம் எதுவும் சொல்லவில்லை. வரிச் சட்டம் சொன்னது. எந்த நாட்டிலும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று அச்சிட்டு வெளியிடுவது ஒன்று, மானியமும் வரிச் சலுகையும் மின்கட்டண ஒப்பந்தமும் சேர்ந்து நடத்துவது வேறொன்று. வேளாண் துறை ஒரு பக்கம் உற்பத்திக்குப் பணம் கொடுக்க, வனத்துறை மறுபக்கம் மரத்துக்குக் கொடுக்க, எரிசக்தித் துறை இரண்டையும் விடக் கூடுதலான குத்தகை கிடைக்க வழி செய்தால், விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யூகிக்க நிபுணர் தேவையில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. திட்டம் வகுக்கும் மேசையில் இந்தத் துறைகளின் நிதி அதிகாரிகள் இல்லாவிட்டால் அந்த வரைபடம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

துறைகள் பேசிக்கொள்ளாத இடத்தில் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து காட்டியது. கால்நடைச் சாணத்திலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் எழும் நைட்ரஜன் மாசு பிற்காலத்தில் குறையும் என்ற நம்பிக்கையை முன்வைத்து, 2015 முதல் பண்ணைகளுக்கும் கட்டுமானங்களுக்கும் முன்கூட்டியே அனுமதி வழங்கிவந்தார்கள். அது செல்லாது என்று 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஏறத்தாழ 18,000 திட்டங்கள் ஒரே நேரத்தில் முடங்கின. எதிர்ப்புத் தெரிவித்த விவசாயிகளின் டிராக்டர்கள் தலைநகரமான ஆம்ஸ்டர்டாமை நோக்கிப் போகவில்லை, அரசு இருக்கும் ஹேக் நகரத்தை நோக்கிப் போயின. டென்மார்க் இதைப் பார்த்துப் பாடம் கற்றதோ என்னவோ, விவசாயிகளையும் இயற்கை ஆர்வலர்களையும் அரசையும் ஒன்றாக உட்காரவைத்து 2024இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2,50,000 ஹெக்டேர் புதிய காடும், 1,40,000 ஹெக்டேர் கரிவளத் தாழ்நிலத்தை மீண்டும் நனைப்பதும் அதன் இலக்குகள். எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது, எந்த வயல் எதற்கு என்று முடிவு செய்யும் பேச்சு வட்டார அளவிலான குழுக்களில் நடப்பதும், அதற்கான நிதி உடன்பாட்டோடு சேர்ந்தே வந்ததும்தான்.

பங்கீட்டு மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று இருக்கிறது. புதிதாகக் கட்டடத்துக்குப் போகும் நிலத்தைப் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்று பிரான்ஸ் 2021இல் சட்டம் இயற்றியது. எங்கள் ஊர் இனி வளரவே கூடாதா என்று சிற்றூர்த் தலைவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 2023இல் சட்டத்தைத் திருத்தி, அநேகமாக ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் என்று உறுதியளித்தார்கள். ஊர்கள் சுமார் 35,000. தேவை இருக்கும் ஊருக்கும் இல்லாத ஊருக்கும் ஒரே அளவு.

ஒரே நிலத்தில் இரண்டு பயன் என்ற யோசனையைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். ஜப்பான் 2013 முதல் வயலுக்கு மேலே கம்பம் நட்டு சோலார் பேனல் அமைக்க அனுமதிக்கிறது; ஆனால் கீழே விளைச்சல் அந்த வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அடிப்படை நிபந்தனை. நிபந்தனையும் அதை ஆண்டுதோறும் சரிபார்க்க ஆளும் இல்லாத இடத்தில், கீழே இருக்கும் பயிர் புகைப்படத்துக்காகவே இருக்கும்.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான வரைபடத்தைப் பற்றி. அதில் வெளிர்மஞ்சள் நிறத்தில் காட்டிய பகுதிக்குத் ‘தரிசு’ என்று பெயரிட்டு, புதிய திட்டங்களுக்கெல்லாம் அதுவே உகந்தது என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டில் தரிசு என்று இருப்பதில் பெரும்பகுதி ஆடுமாடு மேயும் நிலமாக இருக்கலாம்; விறகும் மூலிகையும் எடுக்கும் நிலமாக, பத்திரம் இல்லாதவர்களின் பிழைப்பாக இருக்கலாம். தொடர் கட்டுரை வரும்போது அந்த மஞ்சள் பகுதியில் யார் யார் என்னென்ன காலத்தில் நடமாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்