சூலுக்களின் முதுகுக் காயம்: நேட்டால் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் விழாவும் வெளியிடும் மலரும் இல்லாவிட்டால், எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டன் பூட்டன் ஊர்ப்பெயர்கூடத் தெரியாமல் போயிருக்கும். அந்த உழைப்பை மதித்தே இதை எழுதுகிறேன். மலர்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் படம் ஒன்று உண்டு: 1906-இல் காந்தியும், காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்று பராமரித்த இந்திய ஸ்ட்ரெச்சர் படையினரும் சீருடையில் இருப்பது. அதன் கீழே நம்மவர் தொண்டைப் பாராட்டும் ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. அது யாருக்கும் யாருக்கும் நடந்த போர், அவர்கள் மருந்திட்ட காயங்கள் எப்படி ஏற்பட்டவை என்பதை இதுவரை நான் பார்த்த எந்த மலரும் சொல்லவில்லை. வரும் மலரிலாவது அது முழுமையாக வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அது தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் அரசுக்கும் அந்த மண்ணின் சூலு மக்களுக்கும் நடந்த போர். அதன் வேர் வரியில் இருந்தது. குடிசை வரி கட்டிவந்த சூலுக் குடும்பங்களின் மணமாகாத இளைஞர்களையும் வளைக்கும் விதமாக, 18 வயது நிரம்பிய ஆண்களுக்குத் தலைக்கு 1 பவுன் வரி என்று நேட்டால் அரசு 1905-இல் சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத நம்மவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரியை 1895-இலேயே விதித்ததும் அதே காலனி ஆட்சிதான். பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் மலிவான கைகளை விரட்டிவிட இரண்டு வரிகளும் ஒரே வகையில் பயன்பட்டன. 3 பவுன் வரியை எதிர்த்த 1913 வேலைநிறுத்தத்தையும், சிறையில் நோயுற்று 1914-இல் மறைந்த வள்ளியம்மையையும் நாம் போற்றுகிறோம். 1 பவுன் வரியை எதிர்த்தவர்களுக்கு நேர்ந்ததை மட்டும் அயலார் கதையாக எண்ணுவது எந்த நியாயத்தில் சேரும்?

1906 பிப்ரவரியில் ரிச்மண்ட் அருகே இரண்டு வெள்ளைக் காவலர்கள் கொல்லப்பட்டதும் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது; ஏப்ரல் 2 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைமைப் பதவி பறிக்கப்பட்டிருந்த சூலு இனத்தலைவர் பம்பாத்தா, அதே வாரத்தில் கிரேடவுனுக்கு அப்பால் ம்பன்சா பள்ளத்தாக்கில் காவல் படையைப் பதுங்கித் தாக்கிவிட்டு, இங்காண்ட்லா காட்டுக்குள் போய், முதிய தலைவர் சிகனந்தாவின் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். செங்குத்தான ஓடைகளும் அடர்ந்த மரங்களும் நிறைந்த அந்தக் காட்டில் அவர்களைப் பிடிக்க முடியாத படையினர், சுற்றியிருந்த குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிச் சென்றார்கள், தானியத்தை அழித்தார்கள். கொரில்லாப் போரை ஒடுக்கக் கிளம்பும் எந்த அரசும் ஈட்டி ஏந்தியவன் அகப்படாவிட்டால் அவனுக்குச் சோறு போட்ட வீட்டைத்தான் குறிவைக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டிஷ் படை போயர்களின் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளின்) பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததும் இதே கணக்கில்தான். ஜூன் 10 அன்று மோமே பள்ளத்தாக்கில் சிக்கியவர்கள்மீது பீரங்கியும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் திருப்பப்பட்டன. மாண்டவர்கள் நூற்றுக்கணக்கில். எல்லாம் முடிந்தபோது 3,000 முதல் 4,000 வரை சூலுக்கள் உயிரிழந்திருந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கசையடி பட்டிருந்தார்கள். வெள்ளையர் தரப்பில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

ஸ்ட்ரெச்சர் படையில் இருந்த நம்மவர் இருபது பேர் போய்ச் சேர்ந்தது இதற்குப் பிறகு, மபுமுலோ பகுதியில் கிளர்ச்சி மூண்டபோது. ஜூன் கடைசியில் ரயிலில் ஸ்டேங்கரில் இறங்கி மலைப்பக்கம் நடந்த அந்த இருபது பேரில் குஜராத்திகள் சிலரைத் தவிரப் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்கள். அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி, ஆழ்வார் என்ற பெயர்களைப் பட்டியலில் பார்க்கிறோம். தலைமையில் இருந்தவர்களுக்கு முன்னெழுத்துகள் உண்டு. இவர்களுக்கு ஒற்றைப் பெயர்தான். (இவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று உங்கள் சங்கங்களிலேயே இருக்கக்கூடும்.)

அங்கே கண்டதைக் காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட சூலுக்களில் பெரும்பாலோர் சண்டையில் காயம்பட்டவர்கள் அல்லர். சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டுக் கசையடி பெற்றவர்கள். ஐந்தாறு நாள்களாகக் கழுவப்படாத முதுகுப் புண்கள் சீழ் வைத்து நாறிக்கொண்டிருந்தன. வெள்ளையர் தொட மறுத்த அந்தப் புண்களை நம்மவர் கழுவிக் கட்டியபோது, வேலிக் கம்பிகளுக்கு அப்பால் நின்ற சிப்பாய்கள், மருந்து போடாதே என்று தடுத்துப் பார்த்தார்கள். கேட்காததால் காயப்பட்டவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அரசின் பக்கம் நின்று, அதற்கான அடையாளச் சின்னமும் அணிந்திருந்த சூலுக்களையும் சிப்பாய்கள் தவறுதலாகச் சுட்டிருந்தார்கள். ஒவ்வொரு காலையும் அப்பாவிக் குடியிருப்புகளில் துப்பாக்கிகள் பட்டாசுபோல வெடித்ததைக் கேட்ட காந்தி, இது போரல்ல, மனித வேட்டை என்ற முடிவுக்கு வந்தார். ஆனாலும் படையை விட்டு அவர் விலகவில்லை. அந்தப் போருக்காகக் கிடைத்த பதக்கத்தை 1920-இல்தான் திருப்பி அனுப்பினார்.

அந்த இருபது பேரைக் குற்றவாளிகளாகவோ புனிதர்களாகவோ காட்ட வேண்டியதில்லை. அவர்கள் காலனி அரசின் சீருடையை அணிந்து போனார்கள். அதே அரசு அடித்தவர்களின் புண்ணைத் துடைத்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால், நம் பிள்ளைகள் கூட்டங்களில் சூலு நண்பர்களின் கேள்விக்கு விடையின்றி நிற்பார்கள்.

1949-இல் டர்பனில் சூலுக்களுக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரமும், 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் மிகுந்த பீனிக்ஸில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டதும் ஆறாமல் இருக்கும்போது இதைக் கிளறலாமா என்று உங்களில் சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 1906 சூலு வீடுகளில் மறக்கப்பட்ட செய்தி அல்ல; 2006-இல் நூற்றாண்டையொட்டி, மறைந்த பம்பாத்தாவுக்குத் தலைமைப் பதவி மீண்டும் அளிக்கப்பட்டது. அவர்கள் அறிந்ததை நாம் பேசாமல் இருப்பதால் எந்தப் புண்ணும் ஆறிவிடாது.

ஆகவே, படத்தின் கீழ் உள்ள ஒற்றை வரியை நீக்கிவிட்டு, தமிழிலும் சூலு மொழியிலும் ஆங்கிலத்திலும் முழுக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். அந்த இருபது பெயர்களையும் அச்சிட்டு, வழித்தோன்றல்கள் யாரேனும் இருந்தால் முன்வருமாறு கேளுங்கள். மபுமுலோவிலிருந்து சூலு முதியவர் ஒருவரை விழா மேடைக்கு அழைத்து, பரதநாட்டியத்துக்கும் அன்னதானத்துக்கும் இடையில் ஐந்து நிமிடம் ஒதுக்காமல், அவர் பேச விரும்பும் நேரம் முழுவதையும் கொடுங்கள். மலர்க்குழு ஒப்புக்கொண்டால் தமிழ்க் குறிப்பை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சூலு மொழிக் குறிப்பை அவர்களே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஸ்டேங்கரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்