அப்பாவின் முதுகுப் பிளாஸ்திரி

அன்புள்ள கண்ணு,

என் கண் ஆபரேஷன் வாரத்தில் நீ அம்மாப்பேட்டைக்கு வருகிறேன் என்றதும் பாதி பாரம் இறங்கியது. சோறு, துணி பற்றி எழுதப்போவதில்லை. அப்பாவின் மறதி நோய்க்காக முதுகில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரியைப் பற்றி மட்டும்தான். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய்.

போன மாதம் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஒரு நாள் பழையதை எடுக்காமலே புதியதை ஒட்டிவிட்டேன். மதியத்துக்குள் இரண்டு முறை வாந்தி, தலைசுற்றல். தோசை ஒத்துக்கொள்ளவில்லை என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! சட்டை மாற்றும்போதுதான் முதுகில் இரண்டு தெரிந்தது. இரண்டையும் பிய்த்துவிட்டு ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். நாடித் துடிப்பு குறைந்திருந்தது. ஒரு நாள் எதையும் ஒட்டாதீர்கள் என்றார். திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

மருந்தின் பெயர் ரிவாஸ்டிக்மின். தோல் வழியாக 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் 4.6 மில்லிகிராம் ஒட்டினோம், ஒரு மாதம் கழித்து 9.5 ஆக்கினார்கள். பீரோ மேல் இருக்கும் 4.6 பெட்டியைத் தொடாதே.

காலையில் அப்பா குளித்ததும் முதலில் பழையதை எடு. எடுக்காமல் தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்காதே, இப்போது அதுதான் என் கணக்கு. எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துப் போடு, அதில் இன்னும் மருந்து இருக்கும். கை கழுவாமல் கண்ணைக் கசக்காதே. புதியதை மேல்முதுகில் வைத்து, முப்பது எண்ணும்வரை உள்ளங்கையால் அழுத்து. மார்பில் ஒட்டினால், நூலில் விழுந்த சிக்கைப் பிரிப்பதுபோல் நகத்தால் ஓரம் தேடி உரித்துவிடுவார். 40 வருஷம் தறி நூலோடு கிடந்த விரல்கள், அவை மட்டும் எதையும் மறக்கவில்லை.

ஒட்டிய இடத்திலேயே 14 நாளைக்கு மறுபடி ஒட்டக்கூடாது. அதற்காக அட்டையில் முதுகு வரைந்து எண் போட்டிருக்கிறேன். பூசணிக்காய் மாதிரி இருக்கும், சிரிக்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் முதுகை விட்டுவிடு, பிசுக்கில் ஒட்டாது. பவுடரும் வேண்டாம். இடுப்பு வலிக்கிறது என்று வெந்நீர்ப் பை கேட்பார், அது பிளாஸ்திரி மேல் படக்கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக இறங்கும். அப்புறம், மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் நீயாக 9.5 ஒட்டாதே, டாக்டரைக் கேள்.

அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்து வராதே. இது நோயைக் குணப்படுத்தும் மருந்தில்லை. ஆனால் போன வாரம் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். உன் பெயர் வாயில் வரவில்லை. “மாம்பழம் கேட்டு அழுமே, அது எப்ப வருது?” என்றார்.

மல்கோவா வாங்கி வைக்கிறேன்.

அம்மா