கார்பன் கணக்கு மீட்டரிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் போன்ற இடங்களில் உள்ள சிறு தொழிற்கூடங்களுக்கு இப்போது ஒரு புதிய படிவம் வருகிறது. அவர்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய நிறுவனங்கள், "ஒரு வருஷத்தில் எவ்வளவு கார்பன் வெளியிட்டீர்கள்?" என்று கேட்கின்றன. பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து இந்த விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. அந்தக் கேள்விதான் படியிறங்கிச் சப்ளையர்களிடம் வந்து நிற்கிறது. போல்ட், நட் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கோ, இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு அங்கு விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

படிவம் வந்ததும் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். அக்கவுண்ட்ஸ் பிரிவில் பன்னிரண்டு மாத இபி பில்லைக் கூட்டி, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு கார்பன் என்ற ஓர் எண்ணால் பெருக்கி அனுப்பிவிடுகிறார்கள். மொத்தம் எவ்வளவு என்பது அதில் தெரியும். எந்த மெஷினில் வீணாகிறது என்பது தெரியாது. தெரியாததைக் குறைக்கவும் முடியாது.

அந்தப் பெருக்கும் எண்ணிலேயே ஒரு குழி இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தேசிய மின்தொகுப்பின் சராசரி இப்போது யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முன்பு பல ஆண்டுகள் 0.82-ஐ ஒட்டி இருந்தது. பழைய வருடத்தை 0.82-ஆலும் இந்த வருடத்தை 0.72-ஆலும் பெருக்கி ஒப்பிட்டால், ஒரு சுவிட்சைக்கூட அணைக்காமலே 12 சதவீதம் குறைந்ததாகக் காகிதம் சொல்லும். அதனால் கார்பன் டன்னோடு யூனிட் கணக்கையும், ஒரு கிலோ உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்பதையும் மாதாமாதம் எழுதி வைக்க வேண்டும். உற்பத்தியைக் கிடைக்கோட்டிலும் யூனிட்டைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து 12 மாதப் புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். அவற்றின் ஊடாக வரையும் கோடு, உற்பத்தி பூஜ்யமாக இருக்கும் இடத்தில் எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அவ்வளவு மின்சாரம் வேலையே இல்லாதபோதும் போகிறது என்று பொருள். பல ஒர்க்‌ஷாப்களில் அந்த உயரத்தைப் பார்த்தாலே முதலாளிக்குத் திக்கென்றிருக்கும்.

அடுத்தது சப்-மீட்டர், அதாவது இபி மீட்டருக்குப் பின்னால் தனித்தனி மெஷினுக்கு மாட்டும் மீட்டர். கம்ப்ரஸர், ஃபர்னஸ், ஏசி, ஜெனரேட்டர் என்று முக்கியமான நான்குக்குப் போட்டாலே ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் மாட்டியதும் சரிபார்க்க வேண்டும். 200/5 சி.டி. (200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டுவிட்டு மீட்டரில் 100/5 என்று செட் செய்தால் பாதிதான் காட்டும். மூன்று ஃபேஸில் ஒரு சி.டி.யைத் தலைகீழாக மாட்டினால், லோடு சமமாக இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும், ஏனென்றால் இரண்டு ஃபேஸின் கூட்டலில் இருந்து ஒன்று கழிந்துபோகிறது. மீட்டரோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மெயின் பேனலிலிருந்து பிரியும் எல்லா ஃபீடரிலும் சப்-மீட்டர் இருந்தால், ஒரே நேரத்தில் ரீடிங் எடுத்து, கூட்டுத்தொகையை இபி மீட்டரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் பேனலைத் திறந்து பார்க்க வேண்டும்.

கம்ப்ரஸர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 7 பார் அழுத்தத்தில் காற்றுக் குழாயில் இருக்கும் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, ஏறக்குறைய 3 கிலோவாட்டை இரவும் பகலும் தின்னும். வருடத்தில் 300 நாள் ஓடினால் 21,600 யூனிட், 15 டன்னுக்கு மேல் கார்பன். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஏர் லைன் வால்வுகளைத் திறந்தபடி வைத்து, கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) நிற்கிறது என்று ஐந்தாறு சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால், எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரஸர் தரும் காற்றில் 25 சதவீதம் கசிகிறது. நல்ல பராமரிப்பில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும். கசியும் இடம் பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப், க்விக் கப்ளிங், காற்றை வடிகட்டி அழுத்தத்தைச் சீராக்கும் எஃப்.ஆர்.எல். யூனிட்டின் கிண்ணம் ஆகியவைதான். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அடைத்த பிறகு அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்றும் பாருங்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸரின் மின்சாரத்தில் 6 முதல் 7 சதவீதம் மிச்சமாகும்.

டீசலுக்கு வாங்கிய பில் கணக்காகாது. தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் வருவதே எரித்த அளவு. லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 யூனிட்டுக்கும் குறைவாகத் தந்தால், குறைந்த லோடில் ஓட்டுகிறீர்களா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது ஏசி கேஸ். கடலோரக் காற்றில் ஏசியின் குழாய்ச் சுருள் அரித்து, கோடைதோறும் கேஸ் நிரப்பும் அலுவலகங்கள் இந்த நகரத்தில் ஏராளம். ஆர்-410ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ கசிந்தால் 2088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அது 2,900 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்கு ஈடு. ஆனால் மெக்கானிக் தரும் பில்லில் "கேஸ் சார்ஜிங் - 1" என்று மட்டுமே இருக்கும். சிலிண்டரை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து, கேஸின் பெயரையும் எடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள், இபியிலிருந்து எடுத்த யூனிட்டில் திருப்பிக் கொடுத்ததைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதுகிறார்கள். மின்சாரத்துக்கான கார்பன் கணக்கில் எடுத்ததை முழுதாகக் காட்ட வேண்டும், கொடுத்ததைத் தனியாகக் குறிப்பிடலாம். காற்றாலை மின்சாரம் வாங்குகிறவர்களும் மின்தொகுப்புச் சராசரிப்படி ஒன்று, ஒப்பந்தப்படி ஒன்று என இரண்டு எண்களையும் தர வேண்டும். அந்த மின்சாரத்துக்கான பசுமைச் சான்றிதழ் வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தால், அதைப் பூஜ்யம் என்று சொல்லும் உரிமையும் அவரோடு போய்விடுகிறது.

இரண்டு கோரிக்கைகள். உயரழுத்த இணைப்பு மீட்டர்களில் நேரவாரியான லோடு விவரம் பதிவாகிறது. மின் பகிர்மானக் கழகம் அதை மாத பில்லோடு எக்செல் வடிவில் நுகர்வோருக்குக் கொடுத்தால், இரவில் ஓடும் வீண் லோடு முதல் மாதமே வெளிப்பட்டுவிடும். தொழிற்பேட்டைச் சங்கங்கள், மின்சாரத்தை விரிவாக அளக்கும் ஒரு பவர் அனலைசரும், காற்றுக் கசிவை ஒலியால் கண்டுபிடிக்கும் ஒரு அல்ட்ராசோனிக் கருவியும் வாங்கி உறுப்பினர்களுக்கு நாள் வாடகைக்குத் தரலாம். தனியாக வாங்க முடியாத பத்துப் பேர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்கு இந்தக் கருவிகள் இரண்டும்தான் முதலில் தேவை.

இப்படிக்கு,
எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை