அப்பாவின் கதையைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போட்டோம். வந்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல், அதை எழுத உதவியவர்களுக்கு.

அப்பா தனுஷ்கோடியில் போர்ட்டர். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வருகிறவர்களின் சாமானை, இலங்கைத் தலைமன்னாருக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிடுவார். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது இராமநாதபுரத்தில் அத்தை வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அப்புறம்? "கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்துச்சு, நானும் வந்தேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது.

மீதி உங்களால்தான் கிடைத்தது. மண்டபத்து வாத்தியார் ஐயா, அதே 1964 அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் டெல்லியில் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுமையாக விளக்கினார். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. அப்படித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக ஊர் ஊராகப் போனார்கள். எழுபதுகளில் அப்பா தூக்கியது அவர்கள் பெட்டிகளைத்தான். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவரான, கூடலூரிலிருந்து போனில் பேசிய அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர்கள் தகரப் பெட்டிக்குள் அம்மியும் குழவியும் இருந்தனவாம். தூக்கிய போர்ட்டர், "என்னம்மா, மலையையே பெயர்த்துக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாராம். அது அப்பாதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சு அவர் பேச்சு, சேர்த்துவிட்டோம்.

தோட்டங்களிலிருந்து வந்தவர்களிடம் அப்பா கூலி வாங்கினாரா? எங்கள் அம்மா இல்லவே இல்லை என்கிறார். உடன் வேலை பார்த்த தங்கச்சிமடத்துப் பெரியப்பா, "வாங்காம எப்படி?" என்று சிரிக்கிறார். நான் பெரியப்பா கட்சி. வீட்டில் சாப்பிட ஐந்து வாய் இருந்தது. மனம் கோணாமல் உண்மையைச் சொன்னதற்கு நன்றி, பெரியப்பா.

இலங்கையில் கலவரம், சண்டை என்றாகி எண்பதுகளில் கப்பல் நின்றதும், அப்பா கருவாட்டு வியாபாரத்துக்குப் போனதும் ஊருக்கே தெரியும்.

கையெழுத்துப் பக்கங்களை இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்த முகாம் தங்கைக்கும், பாக்கியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்ற அச்சகத் தம்பிக்கும் நன்றி. தம்பி, தை பிறந்ததும் கொடுத்துவிடுகிறோம். புத்தகம் கிடைக்காதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், இன்னும் பிரதிகள் இருக்கின்றன.

அன்புடன்,
மூத்த மகள்