கணக்கேடுகளின் உறைகளையும் கணக்கில் எடுங்கள்: இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களை நிர்வகிக்கும் டீன்களுக்கும் அவர்களுடைய பேரவைகளுக்கும், சேகரங்களின், அதாவது ஊர்ச் சபைகளின், ஆவணங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் குருமார்களுக்கும் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மிஷனரிகள் வழியாகத் தமிழ் மண்ணில் வேரூன்றி, இன்று தென்னிந்தியத் திருச்சபைக்குள் இருக்கும் ஒரு சேகரத்தில் வளர்ந்தவன் நான். பதப்படுத்திய விலங்குத் தோலில் கையால் எழுதிய உங்கள் இடைக்காலச் சுவடிகளைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் உரிமை அந்த உறவும், அவற்றைப் படிப்பதில் கழித்த சில ஆண்டுகளும் மட்டுமே. நான் கேட்க வந்தது ஒன்றுதான். பழைய கணக்குப் புத்தகங்களுக்கு உறையாகவும், அட்டைக்கு உட்புற ஒட்டுத்தாளாகவும், முதுகுக்கு வலுவூட்டும் பட்டையாகவும் மறைந்து கிடக்கும் சுவடித் தாள்களையும் சுவடிகளாகவே கருதி, எண்ணிப் பதிவு செய்யுங்கள். அவற்றைப் பிரித்தெடுக்கவோ விற்கவோ விடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணக் காப்பகத்தில், ஒரு கிராமத்துச் சேகரத்தின் பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டிருந்தேன். உள்ளே கூரை ஈயத்துக்கும் மணிக்கயிற்றுக்கும் நற்கருணைத் திராட்சை ரசத்துக்கும் கொடுத்த தொகைகள் வரிசையாக இருந்தன. புத்தகத்தைச் சுற்றியிருந்த உறையைத் திருப்பிய பிறகுதான் அது வேறொரு நூலின் தாள் என்று தெரிந்தது. வழிபாட்டு நூலின் தொடக்கத்தில் வரும் நாட்காட்டியில் டிசம்பர் மாதத்துக்குரிய பக்கம் அது. கோடு கிழிப்பதற்காகக் குத்திய துளைகள் ஓரத்தில் சீராக இறங்கின. பெருவிழாக்கள் சிவப்பிலும் மற்றவை பழுப்பேறிய மையிலும் இருந்தன. 29-ஆம் நாளுக்கு நேரே மட்டும் தோல் சொரசொரத்து வெளிறியிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது கத்தியால் சுரண்டிய தடமும், அதிலிருந்து தப்பிய முதல் எழுத்தின் வளைவும் புலப்பட்டன. 1170-இல் அதே நாளில் கேன்டர்பரி பேராலயத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்டு, பிறகு புனிதராக வணங்கப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயர் இருந்த இடம் அது. காப்பகத்தின் அட்டவணையில் அந்தப் பக்கத்தைப் பற்றி இருந்தவை இரண்டே சொற்கள்: 'தோல் உறை'.

பெக்கெட்டின் பெயரை எல்லா நூல்களிலிருந்தும் அழித்துவிட வேண்டும் என்று 1538 நவம்பரில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி அறிக்கை விட்டார். அந்த ஆணைக்கு யார் எப்படிப் பணிந்தார்கள் என்பதை இன்று நமக்குச் சொல்பவை இத்தகைய தாள்களே. சிலர் ஓட்டை விழும் அளவுக்குச் சுரண்டினார்கள். வேறு சிலர், பெயரை எளிதாகப் படித்துவிடும்படி மெல்லிய கோடு ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஒற்றைக் கோட்டில், அரசனுக்கு அஞ்சியும் புனிதரைக் கைவிட மனமில்லாமலும் நின்ற ஒரு கிராமத்துக் குருவை என்னால் பார்க்க முடிகிறது. அவர் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இருக்காது.

மடாலயங்கள் 1536-க்கும் 1540-க்கும் இடையில் கலைக்கப்பட்டபோது அவற்றின் நூலகங்களும் சிதறின. மடாலய வாழ்வைக் கடுமையாக வெறுத்த சீர்திருத்தவாதியான ஜான் பேலே 1549-இல் இதை எழுதிப் புலம்பினார்: நூல்களை வாங்கியவர்கள் மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்கவும் காலணிகளைத் துடைக்கவும் அவற்றைப் பயன்படுத்தினார்கள், மளிகைக்காரர்களுக்கும் சோப்பு விற்பவர்களுக்கும் விற்றார்கள், கப்பல் கப்பலாகக் கடல் கடந்த புத்தகக் கட்டுநர்களுக்கு அனுப்பினார்கள் என்று. 1550-இல் வந்த சட்டம், பழைய லத்தீன் வழிபாட்டு நூல்களை ஒப்படைக்கவும் அழிக்கவும் கட்டளையிட்டது. ஆனால் கன்றுத்தோலும் ஆட்டுத்தோலும் எளிதில் கிழிவதில்லை, விலையுள்ள பொருளும்கூட. ஆகவே பாடகர் குழுவின் முன் விரித்து வைத்திருந்த பெரிய பாட்டு நூல்கள், நான்கு சிவப்புக் கோடுகளும் சதுர இசைக்குறிகளுமாக, வெட்டப்பட்டுக் கணக்கேடுகளுக்கு உறைகளாயின. முழு நூலாகப் பிழைத்தவை மிகக் குறைவு. நார்ஃபோக்கில் ரான்வொர்த் ஆலயத்தின் பாட்டு நூல் இன்றும் அந்த ஆலயத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும், வொலட்டன் ஆலயத்தின் நூல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருப்பதும் அரிய விதிவிலக்குகள். மற்ற ஆலயங்களில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று கேட்டால், உறைகளைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருச்சபை அழித்ததைத் திருச்சபையே தேடிக் காத்த வரலாறும் உங்களுடையதுதான். 1559 முதல் 1575 வரை கேன்டர்பரி பேராயராக இருந்த மாத்யூ பார்க்கர், சிதறிய நூல்களைத் தேடிச் சேர்க்க 1568-இல் அரச மன்றத்தின் அதிகாரம் பெற்றார். சேர்த்தவற்றைக் கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குக் கொடுத்தார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட, கேன்டர்பரியின் முதல் பேராயரான புனித அகஸ்தீனின் பெயரால் வழங்கும் நற்செய்தி நூல் அங்கேதான் இருக்கிறது. பார்க்கர் குறையற்றவரல்லர்: சிவப்பு வண்ணக் கட்டியால் பக்கங்களில் குறியிட்டார், தாள்களை இடம் மாற்றினார், சிலவற்றை நீக்கவும் செய்தார். ஆனால் அவர் விதித்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆண்டுதோறும் வேறு இரண்டு கல்லூரிகளின் பிரதிநிதிகள் வந்து நூல்களைச் சரிபார்க்க வேண்டும். அசட்டையால் பெரிய நூல்கள் ஆறோ, நடுத்தர நூல்கள் எட்டோ, சிறிய நூல்கள் பன்னிரண்டோ தொலைந்து, ஆறு மாதத்துக்குள் மீட்கப்படாவிட்டால் தொகுப்பு முழுவதும் அடுத்த கல்லூரிக்குப் போய்விடும். காப்பது என்றால் முதலில் எண்ணுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்ணுவதற்கான ஏற்பாடு உங்களிடமும் ஏற்கெனவே இருக்கிறது. சேகரப் பதிவேடுகளுக்கான 1978-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், சேகரத்தின் வசம் உள்ள பதிவேடுகளும் ஆவணங்களும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிடப்பட வேண்டும் என்கிறது. பேராலயங்களோ தம்மிடமுள்ள சிறப்புப் பொருள்களின் பட்டியலை வைத்திருக்கக் கடமைப்பட்டவை. புதிய சட்டமோ பெரிய நிதியோ நான் கேட்கவில்லை. ஆறாண்டுப் பார்வைக்கு வருபவர் உள்ளே எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், உறையையும் அட்டையின் உட்புறத்தையும் முதுகையும் பார்த்து, பழைய எழுத்தோ இசைக்குறியோ தெரிந்தால் ஒரு வரி எழுதட்டும், ஒரு படம் எடுக்கட்டும். பேராலயப் பட்டியலில் ஒட்டுத்தாளுக்கும் ஓர் எண் கிடைக்கட்டும். ஆவணக் காப்பகங்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்த கணக்கேடுகளுக்கும் இதையே செய்யுமாறு, உடைமையாளர் என்ற முறையில் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஆர்வத்தில் எதையும் உரித்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒட்டுத்தாளைப் பிய்த்தால் மை அட்டைப் பலகையில் தங்கி, எழுத்து இடவலமாகத் திரும்பிய நிழலாக அங்கே நின்றுவிடும். கையில் வருவது பாதி மங்கிய தாள். உறையைக் கழற்றினாலோ, அது எந்த ஊரின் கணக்கேட்டைச் சுற்றியிருந்தது என்ற செய்தி அறுந்துபோகும். அந்தச் செய்தி இல்லாமல் அந்தத் தாள் எந்த ஆலயத்தில் பாடப்பட்டது என்று ஊகிக்க வழியில்லை. ஈரம் ஏறினால் தோல் நெளியும், மிகவும் உலர்ந்தால் விறைக்கும். ஒவ்வொரு நெளிவிலும் வண்ணம் சிறிது உதிரும். சுவருக்குள் குழாய் ஓடும் அலமாரியிலிருந்து புத்தகத்தை வேறு அறைக்கு மாற்றுவதே பல இடங்களில் போதுமான பாதுகாப்பு.

படம் எடுத்துவிட்டோம், இனி மூலம் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அது எண்ணிம வடிவில் வெளியிட்டிருந்த சுவடிகள் நெடுங்காலம் யாருக்கும் கிடைக்கவில்லை. தோலில் எழுதியவை அலமாரியில் அப்படியே இருந்தன. அதோடு, சுரண்டிய இடத்தின் சொரசொரப்பை நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் காட்டுவதில்லை.

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். 2018-இல் கேன்டர்பரி பேராலயம், ஒரு காலத்தில் தன் துறவியர் நூலகத்தில் இருந்த சிறிய விவிலியச் சுவடி ஒன்றை, பெரும்பாலும் பொது நிதியின் உதவியோடு, 1,00,000 பவுன் கொடுத்து மீட்டது. அதைச் செய்ததற்காக அப்பேராலயத்துக்கு நன்றி. அதே வேளையில், ஒரு சேகரம் கூரையைச் செப்பனிடப் பணமின்றித் தவிக்கும் நாளில், பழைய கணக்கேட்டின் அழகான உறைக்கு யாரேனும் விலை பேசக்கூடும். பதிவில் இல்லாத தாள் போய்விட்டால், போனதே யாருக்கும் தெரியாது.

உங்கள் அடுத்த ஆறாண்டுப் பார்வையின் படிவத்தில் 'உறை, அட்டை, முதுகு' என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி, பல சேகரங்களை உள்ளடக்கிய உங்கள் திருமண்டலங்களுக்கு எழுதுங்கள். பழைய எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் காப்பகங்களிலும் இருக்கிறார்கள். அனுப்பப்படும் படங்களை வாசித்துச் சொல்லும் வேலையில் என்னாலான பங்கை ஊதியமின்றிச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் சுவடிகளின் வாசகன்