முன் இடது காயில்ஓவர் மரைக் கோளாறு: ஐந்தாவது புகார்க் கடிதம்

அனுப்புநர்:
போலோ காருக்குக் காயில்ஓவர் செட் வாங்கிய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பிப்ரவரியில் உங்களிடம் 1,12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய காயில்ஓவர் செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுதி) பற்றி இது ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இதையாவது ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அந்தத் தூணை, கையில் எடுத்து வேலை பார்த்த ஒருவரிடம் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கோளாறு ஒன்றுதான். முன் வலது ஸ்ட்ரட்டில், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கீழ் பிராக்கெட் 50 மி.மீ. வரை மரையில் ஏறுகிறது. இடதில் 20 மி.மீ.யிலேயே இறுகிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. என்றால் 15 சுற்று குறைகிறது. துரு இல்லை, மண் இல்லை. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியும் பார்த்தாயிற்று. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? மரை கேஜ் வைத்த உடனே சொல்லிவிட்டார்கள், அந்த இடத்துக்கு மேல் மரை முழு ஆழத்துக்கு வெட்டப்படவில்லை என்று. படங்கள் நான்கு கடிதங்களிலும் இணைத்திருக்கிறேன்.

உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில்தான் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் உட்காரும் சீட்டைத் தொடக்கூடாது என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் சென்னை சர்வீஸ் சென்டரில் இடது ஸ்பிரிங் சீட்டை 30 மி.மீ. கீழே இறக்கி "லெவல் ஆகிவிட்டது" என்று அனுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் லெவல்தான். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு இரண்டு பக்கமும் 340 மி.மீ., அதாவது கம்பெனி உயரத்திலிருந்து 30 மி.மீ. குறைவு. உள்ளே பாருங்கள். கார் தரையில் நிற்கும்போது வலது ஷாக்கின் ராடு வெளியே தெரிவது 95 மி.மீ.; இடது 65. ராடில் இருக்கும் தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பின் நீளம் 50. வலது சக்கரம் ரப்பரைத் தொட 45 மி.மீ. மேலேற வேண்டும், இடதுக்கு 15 போதும். ஜாக்கில் தூக்கினால் இன்னும் மோசம்: வலது ஸ்பிரிங் 5 மி.மீ. அமுங்கியே (ப்ரீலோடு) நிற்கிறது, இடது ஸ்பிரிங் 25 மி.மீ. இடைவெளியில் லொடலொடவென்று ஆடுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கி மறுபடி ஏறும்போது ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காராமல் 'டொக்' என்று அடிக்கிறது.

இதைத்தான் உங்கள் தொலைபேசி ஊழியரிடம் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கார இறக்குனா குலுங்கத்தான் சார் செய்யும். குலுங்கக் கூடாதுன்னா எதுக்கு இறக்குனீங்க? நாப்பை ஃபுல் டைட் வெச்சு ஓட்டுங்க." சொல்லிவிட்டு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார்.

ஷாக்கின் கடினத்தை மாற்றும் நாப்பை முழுக்க இறுக்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? டேம்பர், அதாவது ஷாக், எடையைத் தாங்காது. அசைவின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஸ்பிரிங் விரியும்போது டேம்பர் கொடுக்கும் தடை (ரீபவுண்டு) அளவுக்கு மீறினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த மேடு வருவதற்குள் விரிய முடியாது. தொடர்ந்து மேடுபள்ளம் வந்தால் கார் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். மிச்சம் இருக்கிற அந்த 15 மி.மீ.யும் போகும். வாடிக்கையாளர் உயிரோடு விளையாடும் யோசனை அது. அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோபத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். வலது திருப்பங்களில் எடை இடது முன் சக்கரத்துக்கு மாறுகிறது. ரப்பர் தொட்ட நொடியில் அந்த மூலை மட்டும் கல்லாகிவிடுவதால் டயர் பிடிப்பை இழந்து முன்பக்கம் நேராக வெளியே தள்ளுகிறது. இடது திருப்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் இது தெளிவாகத் தெரிந்தது. மலைப்பாதையில் எதிரே பேருந்து வரும்போது தெரிந்திருந்தால்?

சென்னைக்கு வரச் சொன்னீர்கள். போக 500 கிலோமீட்டர், வர 500. காலை 4 மணிக்குக் கிளம்பி வந்தால், ஸ்ட்ரட்டைக் கழற்ற ஆள் இல்லை என்றார்கள். பிறகு மேலே சொன்ன சீட் இறக்கும் வேலை. அதிலும் வரிசை தலைகீழ்: முதலில் வீல் அலைன்மென்ட், அதற்கப்புறம் உயரம்! உயரம் மாறினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோ மாறும் என்பது எந்த அலைன்மென்ட் கடைப் பையனுக்கும் தெரியும். அதற்கு 1,200 ரூபாய் பில் வேறு. சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்கிறார்கள். காரின் எடை தரையில் இறங்கியபின் முறுக்காவிட்டால் புஷ் ரப்பர் எந்நேரமும் திருகியபடியே இருந்து கிழிந்துவிடும். 4,000 கிலோமீட்டரில் இரண்டு முன் டயர்களின் உள்விளிம்பும் மொட்டையாகிவிட்டது. காரே பாழாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்த ஒருவர் "இன்னும் 20 இறக்கினால் ரேஸ் கார் மாதிரி நிற்கும்" என்றார். 30 மி.மீ.யில் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த உயரத்தில் லோயர் ஆர்ம் ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்கிறது. அதற்கும் கீழே போனால் அதன் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயிண்ட் உள்பக்க புஷ்ஷைவிட உயர்ந்துவிடும். இந்த மெக்ஃபெர்சன் வகை ஸ்ட்ரட்டில் காரின் எடைமையம் இறங்குவதைவிட, கார் பக்கவாட்டில் சாயும் மையமான ரோல் சென்டர் அதிகமாக இறங்கும். தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயும், மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாக இழுக்கும். நீளமான பால் ஜாயிண்டும், அதற்கேற்ற டை ராடு முனையும் இல்லாமல் அதற்கு மேல் இறக்கச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

மாற்றுப் பாகம் என்று நீங்கள் அனுப்பிய பெட்டியில் இருந்தது பின்பக்க ஸ்பிரிங் அட்ஜஸ்டர். பின்பக்கத்தில் எந்தக் குறையும் இல்லையே!

உங்கள் நிறுவனம் நல்ல பொருள் செய்யக்கூடியது என்று இன்னமும் நம்புகிறேன். வலது ஸ்ட்ரட்டே சாட்சி. ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். மரை 50 மி.மீ. வரை ஓடுகிறதா என்று சோதித்த புது இடது ஸ்ட்ரட் வீட்டுக்கு வர வேண்டும். அதன் டேம்பர் அளவு வலதோடு பொருந்துவதற்கு டைனோ (டேம்பர் சோதனை இயந்திரம்) தாளும் வேண்டும். கோவையிலேயே பொருத்தும் செலவு, இரண்டு டயர், புஷ், அலைன்மென்ட், சென்னைப் பயணம், நான்கு மாத மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 2,50,000 ரூபாய் தர வேண்டும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. அந்த 500 கிலோமீட்டரை அப்போது நீங்கள் வர வேண்டியிருக்கும். பழுதான ஸ்ட்ரட்டைக் கழற்றி, மரையில் கைவைக்காமல், பில்லோடு பத்திரமாக வைக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்